இடது கை வாசித்த நான்கு நிமிடங்கள்

மகன்,

நீ அனுப்பிய ட்ராக் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. கலியாணத்தன்று நீங்கள் இருவரும் மண்டபத்துக்குள் வந்து மேடை ஏறியதும் அதைப் போடப்போவதாகவும், என் இடது கை அதற்குள் இருக்க உன் வலது கை மேடையில் நேரே வாசிக்கும் என்றும் எழுதியிருந்தாய். கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்திருந்தாய். "ஒழுங்கையிலை ஆரோ சைக்கிள் மணி அடிக்கிறது கேக்குது அப்பா. நீங்கள் விட்ட இடைவெளிக்குள்ளைதான் வந்து விழுது. வெட்ட மனம் வரேல்லை, ஊரைக் கேக்கிற மாதிரி இருக்கு." அந்த இரண்டு வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் உன்னை எடுத்தேன். இரண்டு தரமும் வெய்யிலைப் பற்றியும் மருமகளின் சேலையைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். வாயால் வராததை எழுதிப் பார்க்கிறேன். கடைசிவரை வாசித்து முடிக்கும்வரை அந்த ட்ராக்கை ஒருவருக்கும் கொடுக்காதே. உன்னைக் கட்டப்போகிறவளுக்கும் போட்டுக் காட்டாதே. அது வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் போன சைக்கிள் இல்லை.

இடது கையிலிருந்து தொடங்குகிறேன், எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. இருபத்தைந்து வருடமாக எனக்கு இடது கை என்று ஒன்று இருக்கவில்லை. நான் கலியாண வீடுகளில் வாசித்த கீபோர்ட் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். மருமகளும் ஒருநாள் இதை வாசிக்கக்கூடும் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன். இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும். அதற்குக் கோர்ட் என்று பெயர். பிறகு ட்ரம்ஸ், பேஸ் கிட்டார் எல்லாம் பெட்டிக்குள் இருந்து தானாக ஓடும். கையை மாற்றினால் பெட்டியும் மாறும். மற்றபடி அந்தக் கை அசையக் கூடாது, தவறி ஒரு விரல் பட்டாலும் பாட்டு முழுவதும் இடறும். பாட்டு, சுழிப்பு, கைதட்டு எல்லாம் வலது கைக்கு. இடது கை சும்மா ஒரு சுவிட்ச்.

உனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. உன் இடது கை இருந்த இடத்தில் இராது, பாட்டைக் கேட்டுக்கொண்டே மேலும் கீழும் அலையும். நான் வேலை செய்த பட்டறையிலிருந்து கொண்டுவந்த, கோடு போடும் இரும்பு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்திருப்பேன். அலைந்தால் விரல் முட்டியில் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அழவில்லை, எதிர்த்துக் கதைக்கவும் இல்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டு ஒற்றைக் கையால் வாசித்தாய். அம்மா குசினியிலிருந்து வந்து பார்த்தாள். "அந்தப் பிள்ளையின்ரை கை என்ன, லைற் போடுற சுவிட்சே?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாள் அடிமட்டத்தைக் காணவில்லை. அவள் அதை எங்கே போட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை, உன்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தில் இது சின்னக் குற்றம்.

பிறகு நீயாகவே படித்தாய். மொபைலில் ட்ரம்ஸும் பேஸும் மட்டும் ஓடும் ட்ராக்கைப் போட்டுவிட்டு, அடைத்த அறைக்குள் இடது கையைத் தனியே பழக்கிக்கொண்டிருந்தாய். "பெட்டி ஒழுங்காத்தானே வாசிக்குது, அதுக்கு மேலை நீ ஏன் கிறுக்கிறாய்?" என்று வெளியே நின்று கத்தியவன் நான்தான். நீ வெளிநாடு போய் நாலு வருடமாகிறது. உனக்கு அங்கே இன்னும் வதிவிடப் பேப்பர் கிடைக்கவில்லை, நீ வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. எனக்கு விசா இரண்டு தரம் இல்லை என்று வந்தது. அம்மாவுக்கோ விமானம் ஏறும் உடம்பே இல்லை. உன் கலியாணம் முடிவான அந்த நேரத்தில்தான் நீ போன் எடுத்துச் சொன்னாய்: "அப்பா, நீங்கள் வர ஏலாட்டி உங்கட கையாவது வரட்டும்." அம்மாவின் பக்கம் போனை நீட்டி இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

நீ எனக்கு வாத்தியார் ஆனது அப்படித்தான். கொஞ்சம் அனுபவித்துத்தான் செய்தாய் என்று நினைக்கிறேன், செய்யவும் வேண்டும். நான் வாசித்து அனுப்பிய முதலாவதைக் கேட்டுவிட்டு நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"அப்பா, பேஸ் ட்ராக்கிலை ஏற்கெனவே இருக்கு. நீங்களும் கீழை அதையே அடிக்கிறீங்கள். ரெண்டு பேர் ஒரே நேரத்திலை ஒரே கதையைச் சொன்னா ஆர் கேக்கிறது?"

"அப்ப நான் என்ன செய்யிறது, பாத்துக்கொண்டு இருக்கிறதே?"

"ஓம். முதல் நாள் அதுதான். கையை மடியிலை வைச்சுக்கொண்டு ட்ராக்கைக் கேளுங்கோ. என்ன இருக்கு, என்ன இல்லை எண்டு பாருங்கோ. இல்லாத இடத்திலைதான் உங்களுக்கு வேலை."

நீ சொன்னபடியே செய்தேன். முதல் நாள் கேட்டேன். இரண்டாம் நாள் ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் நாலு தட்டுக்கு, ஒரே ஒரு சுரம். கோர்ட்டின் அடிச்சுரத்தைப் பேஸ் கிட்டாருக்கு விட்டுவிட்டு, அதிலிருந்து எண்ணி வரும் மூன்றாவதையோ ஏழாவதையோ மட்டும், கீழே இருட்டுக்குள் போகாமல் பியானோவின் நடுப்பக்கத்தில். பிறகு அந்த இரண்டையும் சேர்த்து. அடுத்த கோர்ட் வரும்போது கையைத் தூக்கிப் போடாமல், கிட்ட இருக்கிற கட்டைக்கு ஒரு விரலை மட்டும் நகர்த்துவது. நாலு பாரை மட்டும் வெட்டி, பாதி வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பழகுவது. அது கைக்கு வந்த பிறகு தாளத்தில் நேரே விழாமல் கொஞ்சம் பிந்தி விழுவது. வாயால் பாட்டை முனகி, பாட்டு மூச்சு விடும் இடத்தில் இடது கையால் பதில் சொல்வது. கடைசியாக, எல்லாவற்றிலும் கஷ்டமானது: ஒரு பார் முழுவதையும் வெறுமனே விடுவது. இருபத்தைந்து வருடம் பிடித்த பிடியை விடாமல் நின்ற கைக்கு, பிடியை விடு என்பது இலேசான வேலையா? விரல் தானாகப் போய் மூன்று கட்டையையும் அமத்திக்கொள்ளும். கட்டிலில் படுத்தபடி அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் சொன்னாள்: "இண்டைக்குத்தான் நீங்கள் வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறீங்கள்." அவளிடம் அதற்குமேல் பாராட்டு வாங்க ஏலாது என்று உனக்குத் தெரியும்.

இனி என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ கேள்விப்பட்டிராத விஷயம் இது. துறைமுகத்துப் பட்டறையில் இருந்த காலம் முழுவதும் படகு, பார்ஜ் என்று இரும்பு வயிற்றுக்குள் இறங்கி நின்று துரு தட்டியிருக்கிறேன். தட்டுவது ஒரு சத்தம், உள்ளே திரும்பி வருவது பத்துச் சத்தம். காதில் பஞ்சு வைப்பதைக் கூட வெட்கமாக நினைத்த காலம் அது. காது ஒரேயடியாகப் போகவில்லை, மேலிருந்து கீழாகப் போனது. முதலில் குயில் போனது. பிறகு குக்கர் விசில். பிறகு பியானோவின் வலது பக்கத்துக் கடைசிக் கட்டைகள், சுரம் போய் வெறும் மரம் தட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. கீழே எல்லாம் இருந்தது. கப்பல் ஊதினால் கேட்கும், ஆட்டோ வந்து நின்றால் கேட்கும், பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும். ஆட்கள் கதைப்பதை உதட்டைப் பார்த்துப் பாதி, ஊகித்துப் பாதி என்று சமாளித்தேன். லைன் சரியில்லை என்று உன்னிடம் நான் சொன்ன தடவைகளில் பாதியில் லைன் சரியாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு ஏதோ சந்தேகம் இருந்தது. மாதா கோயிலில் நான் வாசிக்கும் நாட்களில் முன்வரிசையில் வந்து உட்காருவாள். சுவாமியார் பிரசங்கத்தை முடித்ததும் தலையைக் கொஞ்சம் ஆட்டுவாள், நான் தொடங்குவேன். ஒருவரும் அறியவில்லை. "காதை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்" என்று அவள் இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறாள். நான் எரிந்து விழுவேன். காது கேட்காத கீபோர்ட்காரனை எந்தக் கலியாண வீட்டுக்கு அழைப்பார்கள்? அந்தப் பயம்தான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

போன மழைக்காலம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது எழும்பி நடக்கவும் ஏலாது, பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் எட்டும் முணுமுணுப்பைத் தவிரக் குரலும் இல்லை. இதயம் களைத்துப்போய்விட்டது என்றார்கள். நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு குளிசை தந்திருந்தார்கள். அந்தச் சின்னப் போத்தலின் மூடியைத் திறக்கிற பலம் அவள் விரல்களில் இல்லை, திறந்து கொடுப்பது என் வேலை. மூடியை நான் ஏன் தளர்த்தி வைக்கவில்லை என்று கேட்பாய். காற்றுப் பட்டால் குளிசையின் சத்துப் போய்விடும், இறுக்கி மூடி வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் இறுக்கித்தான் மூடினேன், எதையும் இறுக்குவதில் நான் கெட்டிக்காரன். கூப்பிடக் குரல் இல்லாதவளுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, என் பழைய சைக்கிளின் மணியைக் கழற்றி அவளுடைய கட்டில் சட்டத்தில் பூட்டினேன். பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். நல்ல யோசனை என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். என் நண்பன் நஸீர், என்னோடு கலியாணங்களுக்கு ட்ரம்ஸ் வாசித்தவன், கிண்ணியாவிலிருந்து பார்க்க வந்தபோது அவனும் ஒருதரம் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

பூட்டிய அன்று அம்மா சொன்னாள்: "நீங்கள் கீபோர்ட் அறைக்குள்ளை போய் நில்லுங்கோ. நான் அடிச்சுப் பாக்கிறன்."

நான் போய் நின்றேன். வீடு அமைதியாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். இவ்வளவு நேரத்தில் அடித்திருப்பாள் என்று கணக்குப் போட்டு, "ஓம், கேட்டது!" என்று கத்தினேன். திரும்பி வந்தபோது கேட்டாள், "எத்தினை தரம் அடிச்சனான்?"

"ரெண்டு."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். இரண்டு தரம்தான் அடித்தாளா, இல்லையென்று தெரிந்தும் என்னை வெட்கப்படுத்தாமல் விட்டாளா என்று நான் இன்றுவரை அறியேன். ஒரு சின்ன "ஓம்" சொன்னேன் மகன். மணியைக் கழற்றிவிட்டு வேறு வழி பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். பார்க்கவில்லை, ஏனென்றால் காது கேட்கவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பதிலாக ஒரு தந்திரம் செய்தேன். அலுமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதே, அந்தக் கதவைப் பாதி திறந்து வைத்தால் கீபோர்டில் இருந்தபடியே அவளுடைய கட்டில் தெரியும், மணியும் கையும் தெரியும். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அப்படித்தான் வாசித்தேன். கை கட்டையில், கண் கண்ணாடியில். அவள் கை மணிக்குப் போவதைக் கண்டால் எழும்பி ஓடுவேன். "மணி அடிச்ச கையோடை வந்திட்டீங்களே" என்பாள். நீயோ அங்கிருந்து, "அப்பா, நல்லா வருது, ஆனா பாதி மனசாத்தான் வாசிக்கிறீங்கள். வேறை எங்கையோ பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்" என்பாய். உன் காது நல்ல காது.

அன்று புதன்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவளுக்குத் தலையணை சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மொபைலை கீபோர்டின் மேல் வைத்துப் பதிவுப் பொத்தானை அமத்தினேன். ட்ராக்கை ஓடவிட்டேன். நாலு பார் ஓடும்வரை கை மடியில். பிறகு ஒரு சுரம் வைத்தேன். அது சரியான இடத்தில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. நான் தேடாமலே விரல் அடுத்த கட்டைக்கு நகர்ந்தது. எத்தனையோ மாதமாக நீ சொன்னது எல்லாம் ஒன்றாக வந்து கையில் சேர்ந்ததை உணர்ந்தேன். உணர்ந்ததும் கண்ணை மூடினேன். சந்தோஷத்தில் மூடினேன், அதை மறைக்க மாட்டேன். நாலு நிமிடம். உன் ட்ராக் முடியும்வரை நான் திறக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக என் இடது கை வாசித்தது.

முடிந்ததும் உனக்கு அனுப்பினேன். கண்ணாடியைப் பார்த்தேன், அவள் தலை சரிந்து நித்திரை போலத் தெரிந்தது. எழுப்பித் தேத்தண்ணி கொடுத்து, வாசித்ததைச் சொல்லலாம் என்று குசினிக்குப் போய் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அவளுக்குச் சீனி குறைவு, எனக்கு இரண்டு கரண்டி. இரண்டு கோப்பையையும் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். அவளுடைய பெருவிரல் மணியின் மேலேயே இருந்தது. மடியில் குளிசைப் போத்தல் கிடந்தது. மூடி திறக்கவில்லை.

அயலட்டைச் சனத்தைக் கூப்பிடுவதற்கு முன் நான் செய்தது இதுதான். போத்தலை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஸ்க்ரூ ட்ரைவரைத் தேடி எடுத்து மணியைக் கழற்றினேன். அவள் அப்படியே இருக்க, பக்கத்தில் முழங்காலில் நின்று மணியைக் கழற்றினேன். பிறகுதான் கத்தினேன். ஆட்டோவில் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி, அங்கே கொண்டுபோய் ஒன்றும் ஆகவில்லை. நித்திரையிலேயே போய்விட்டாள் என்று எல்லோருக்கும் சொன்னேன். உனக்கும் சொன்னேன். செத்தவீட்டை நீ போனில் பார்த்துக்கொண்டு, "அம்மா கஷ்டப்படேல்லைத்தானே அப்பா?" என்று கேட்டாய். "இல்லை ராசா, ஒண்டும் தெரியாமல் போனா" என்றேன். அப்போது மணி என் சட்டைப் பையில் இருந்தது.

அவள் அடிக்கவில்லை, எட்டித் தொட்டதோடு போய்விட்டாள் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டு இவ்வளவு நாள் இருந்தேன். நீ அந்தப் பதிவைத் திறக்க மனமில்லாமல் மாதக்கணக்காக வைத்திருந்ததும் எனக்கு வசதியாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை உன் வரியை வாசித்தேன். ஹெட்போனைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டி, எத்தனை தரம் கேட்டேன் தெரியுமா? பேஸ் கேட்கிறது, என் இடது கை கேட்கிறது. மணி கேட்கவில்லை. நீ சொல்லும் இடைவெளிகளில் எனக்கு இருப்பது வெறும் இடைவெளி.

சனிக்கிழமை பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய் நஸீரிடம் போனைக் கொடுத்தேன். காது விஷயத்தையும் அவனிடம்தான் முதன்முதலில் சொன்னேன். அவன் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் தொடையில் தாளம் தட்டத் தொடங்கினான். பாதியில் கை நின்றுவிட்டது. கடைசிவரை கேட்டான்.

"மாஸ்டர், இது அக்காட மணி."

"எத்தினை தரம்?"

"வேணாம் மாஸ்டர்."

"சொல்லு நஸீர், எத்தினை தரம்?"

திரும்பப் போட்டுக் கேட்டான். விரல்களை மடக்கினான். "எட்டு. முதல்ல மூணும் கிட்டக்கிட்ட. புறகு ஆறுதலா, விட்டுவிட்டு. கடைசி ஒண்டு பாதிதான், முழுசா அடிபடல்ல." ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். "அக்காட மையத்து வீட்டுக்கு வந்த அண்டைக்கு கட்டில்ல மணியக் காணல்ல. நான் கேக்கல்ல, மாஸ்டர்." பிறகு பஸ் தரிப்பு வரை கூட வந்தான். பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றான்.

நீ ஒருமுறை சொல்லித் தந்தாய், ட்ராக்குக்குக் காது இல்லை, அது உங்களுக்காக நிக்காது, நீங்கள்தான் அதைக் கேட்டு வாசிக்க வேணும் என்று. அன்று மத்தியானம் அந்த வீட்டில் காது இல்லாதவை இரண்டு ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்தன. அவள் எனக்காக எட்டுத் தரம் காத்திருந்தாள். நான் அவள் அடிக்க அழகாக இடம் விட்டு வாசித்திருக்கிறேன்.

கலியாணத்துக்கு அறிவுரை எழுத வேண்டிய இடத்தில் இதை எழுதுகிறேன். எனக்கு இருக்கிற அறிவுரையும் இது ஒன்றுதான். மருமகள் உன்னிடம் ஏதாவது கேட்டு, உனக்குக் கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று சொல். விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல். வெட்கம் ஒரு நிமிடம்தான் சுடும். நான் வெட்கப்படப் பயந்து ஆளையே இழந்தேன். உன் காதையும் போய்க் காட்டு. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருக்கிறவன் நீ. என் பிள்ளை என்பதால் ஒன்றையும் சொல்லமாட்டாய் என்றும் தெரியும், அதனால் அவளுக்கே இந்தக் கடிதத்தைக் காட்டு.

அந்தப் பதிவுக்குப் பதிலாக வேறொன்று தர வேண்டும் என்று இந்தக் கிழமை முழுவதும் வாசித்தேன். ஒன்பது தரம் பதிந்தேன். கண்ணை மூட ஏலவில்லை. மூடினால் உடனே திறந்து கண்ணாடியைப் பார்க்கிறேன். அதற்குள் கட்டில் இருக்கிறது, மெத்தையைச் சுருட்டி வைத்த கட்டில். ஒன்பதிலும் கொஞ்சம் பரவாயில்லாததை இத்தோடு அனுப்புகிறேன். பழையபடி பிடித்த பிடியில் நிற்கிற கை, குறை சொல்ல நிறைய இருக்கும். மண்டபத்தில் அதைப் போடு. அல்லது என் கையே வேண்டாம் என்று நினைத்தால் அதையும் நான் விளங்கிக்கொள்வேன். இனி எனக்குப் போன் எடுக்க மாட்டாய் என்றாலும் சரி. மன்னித்துவிடு என்று கேட்கப்போவதில்லை. மன்னிக்க வேண்டியவள் "சரி" என்று ஒரு சொல் சொன்னாள், அது எதற்கு என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய பதிவை அழித்துவிடாதே. அதிலிருந்து மணியை மட்டும் பிரித்தெடுத்துத் தனியே வைத்துக்கொள். ஒரு சத்தத்தை மேலிருந்து கீழே இறக்கலாம் என்று நீதான் ஒருமுறை செய்து காட்டினாய், பெண் குரலை ஆண் குரலாக்கிச் சிரித்தோம். அந்த எட்டு மணியையும் அப்படி இறக்கு. இரண்டு ஒக்டேவ், இரண்டு ஸ்தாயி, போதாவிட்டால் மூன்று இறக்கு. என் காதுக்கு எட்டும் இடத்துக்கு, இடது கை வாசிக்கும் இடத்துக்குக் கொண்டுவா. ட்ராக் வேண்டாம், பியானோ வேண்டாம், மணி மட்டும். கடைசிப் பாதியையும் வெட்டாதே.

உனக்குக் கேட்ட அம்மாவின் கடைசிக் குரல் எனக்கு இன்னும் கேட்கவில்லை. அவள் கூப்பிட்டது என்னைத்தான். அனுப்பு மகன். இந்தத் தடவை நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன்.

அப்பா